ஆறு மாசத்துல முடிக்கிறேன்னு ஆரம்பிச்ச வேலை

லேத் முன்னாடி நிக்கிற யாரா இருந்தாலும் சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும். எந்த டூல் மாட்டுறது? ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் வெட்டுறது? ஃபீட் எவ்வளவு? வேகம் எவ்வளவு? ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்ஷாப்ல இதைப் பத்தி யாரும் பெருசா யோசிக்கிறதில்ல. மேனுவல்ல இருக்கிறதை ரெக்கார்டுல எழுதுவோம். லேப்ல இருக்கிற அண்ணன் செட் பண்ணிக் குடுத்ததை ஓட்டுவோம். ஸ்டெப் டர்னிங் முடிஞ்சா சரி.

அந்த அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா, அனுபவம்னுதான் பதில் வரும். விக்கிரவாண்டியில, விழுப்புரத்துல, திண்டிவனத்துல எந்த லேத் பட்டறையில கேட்டாலும் இதே பதில்தான். கரும்பு டிரெய்லருக்குப் பின் கடையறவர், போர்வெல் மோட்டார் ஷாஃப்ட் சரி பண்றவர், எல்லாருக்கும் கணக்கு கையிலயும் காதுலயும் இருக்கு. பேப்பர்ல இல்ல.

சுமார் 140 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒருத்தருக்கு இந்தப் பதில் போதலை. அவர் பேர் ஃப்ரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்.

இந்தப் பேரை நீங்க ரெண்டு இடத்துல படிச்சிருப்பீங்க. மேனுஃபாக்சரிங் டெக்னாலஜியில டெய்லர் டூல் லைஃப் ஈக்குவேஷன். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்ல, ஃபேயோலுக்குப் பக்கத்துல, சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட். ரெண்டு பேப்பர்லயும் எழுதிட்டு, ரெண்டும் ஒரே ஆள்னு கவனிக்காமலே பாஸ் ஆகிடலாம். ஆனா ரெண்டும் ஒரே ஆள்தான். அதைவிட முக்கியம், ரெண்டாவது டெய்லர் முதல் டெய்லர்ல இருந்துதான் பொறந்தார். லேத்ல எவ்வளவு ஆழம், எவ்வளவு ஃபீட்ங்கிற கேள்வியில ஆரம்பிச்சு, ஒரு தொழிலாளியோட வேலையை யார் முடிவு பண்றதுங்கிற கேள்வியில போய் நின்ன வாழ்க்கை அது.

வக்கீல் ஆக வேண்டிய பையன்

1856 மார்ச் 20-ல ஃபிலடெல்ஃபியாவோட ஜெர்மன்டவுன் பகுதியில ஒரு வசதியான குவேக்கர் குடும்பத்துல டெய்லர் பிறந்தார். அப்பா வக்கீல். அம்மா அடிமை முறையை எதிர்த்து இயங்கினவங்க. சின்ன வயசுலயே குடும்பத்தோட ஐரோப்பாவைச் சுத்திப் பார்த்த பையன். அப்பா வழியில சட்டம் படிக்கணும்னுதான் திட்டம். எக்ஸிடர் பள்ளியில படிச்சு, 1874-ல ஹார்வர்டு நுழைவுத் தேர்வையும் நல்லபடியா பாஸ் பண்ணினார்.

ஆனா ஹார்வர்டுக்குப் போகலை. கண் பார்வைக் கோளாறும் தலைவலியும் காரணம்னு சொல்லப்படுது. அந்தக் காலத்துப் பணக்காரப் பையன் யாரும் செய்யாத ஒண்ணைச் செஞ்சார். ஃபிலடெல்ஃபியாவுல பம்பு தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில பேட்டர்ன் வேலைக்கும் மெஷின் வேலைக்கும் அப்ரன்டிஸா சேர்ந்தார். நாலு வருஷம். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, ஐஐடி சீட் கிடைச்ச பையன் பட்டறையில ஹெல்பரா சேர்ந்த மாதிரி.

1878-ல மிட்வேல் ஸ்டீல் கம்பெனிக்கு வந்தார். பொருளாதார மந்தத்துக்குப் பிறகான நேரம்கிறதால மெஷினிஸ்ட் வேலை காலி இல்ல. கூலியாளாத்தான் சேர்ந்தார். அப்புறம் கொஞ்ச நாள் கிளார்க், அப்புறம் லேத் ஆபரேட்டர், அப்புறம் லேத்களுக்கு கேங் பாஸ், ஃபோர்மேன், கடைசியில சீஃப் இன்ஜினியர். இந்த ஓட்டத்துக்கு நடுவுல ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்ல வீட்டுல இருந்தே படிச்சு 1883-ல மெக்கானிக்கல் டிகிரியும் வாங்கிட்டார். 1881-ல அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டியில கிளாரன்ஸ் கிளார்க்கோட சேர்ந்து டபுள்ஸ் பட்டமும் ஜெயிச்சார். சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

வேலியோட அந்தப் பக்கம்

கேங் பாஸ் ஆகுற வரைக்கும் டெய்லரும் மத்த லேத் ஆட்களும் ஒண்ணாத்தான் இருந்தாங்க. அதனால ஒரு ரகசியம் அவருக்கு நல்லாத் தெரியும். மெஷின் எவ்வளவு வேலை குடுக்க முடியுமோ, அதுல சுமார் மூணுல ஒரு பங்குதான் அந்த ஷாப்ல நடக்குதுன்னு அவர் கணக்குப் போட்டார். எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சிருந்த அளவு அது.

ஏன்னு கேட்டா சோம்பேறித்தனம்னு சொல்லிடலாம். அது பாதிப் பதில்தான். அங்க பீஸ் ரேட் முறை. ஒரு பீஸுக்கு இவ்வளவு காசு. ஒருத்தர் வேகமா பத்து பீஸ் கூடப் போட்டா, முதலாளி ரேட்டைக் குறைச்சிடுவார். அப்புறம் அதே கூலிக்கு எல்லாரும் ரெண்டு மடங்கு உழைக்கணும். அப்போ மெதுவா ஓட்டுறதுதானே புத்திசாலித்தனம்? டெய்லரும் இதை ஒத்துக்கிட்டார். தான் தொழிலாளியா இருந்தாலும் அதையேதான் செய்வேன்னு பின்னாடி சொல்லவும் செஞ்சார்.

ஆனா கேங் பாஸ் ஆனதும் உற்பத்தியைக் கூட்டியே தீரணும்னு நின்னார். தானே லேத் முன்னாடி நின்னு ஓட்டிக் காட்டினார். யாரும் மசியலை. வெளியில இருந்து கெட்டிக்கார ஆட்களைக் கொண்டு வந்து லேத் கத்துக் குடுத்தார். அவங்களும் வேலை கத்துக்கிட்டு மத்தவங்களோட சேர்ந்துட்டாங்க. ரேட்டைக் குறைச்சார். மெஷின்கள் திடீர் திடீர்னு உடைய ஆரம்பிச்சது. உடைஞ்சா அபராதம்னு போட்டார். அந்தப் பணத்தைத் தொழிலாளர் உதவி நிதிக்கே குடுத்தார். இப்படி ரெண்டு மூணு வருஷம். கடைசியில ஜெயிச்சது டெய்லர்தான். ஆனா தினமும் முகம் பார்க்கிற எல்லார் கண்ணுலயும் பகையைப் பார்த்துக்கிட்டு வாழ்ந்த அந்த வருஷங்கள் எவ்வளவு கேவலமான வாழ்க்கைன்னு பிறகு அவரே எழுதினார்.

இந்தச் சண்டையில அவர் கண்டுபிடிச்சது ஒண்ணு. ஒரு நாளைக்கு இந்த லேத்ல நியாயமா எவ்வளவு வேலை நடக்கணும்னு தொழிலாளிக்கும் உறுதியாத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்காகத்தான் ரெண்டு பக்கமும் அடிச்சுக்குது. அப்போ முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும். எந்த ஆழம், எந்த ஃபீட், எந்த வேகத்துல வெட்டினா வேலை சீக்கிரம் முடியும்?

ஆறு மாசம், அப்புறம் 26 வருஷம்

மிட்வேல் கம்பெனியோட தலைவர் வில்லியம் செல்லர்ஸ். அவரே பெரிய மெஷின் டூல் நிபுணர். டெய்லர் அவர்கிட்ட போய்ப் பரிசோதனைக்குப் பணம் கேட்டார். 1880-ல அனுமதி கிடைச்சது. ஆறு மாசத்துல முடிஞ்சிடும்னு நினைச்சார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஜீரோத் ரிவ்யூல நம்ம எல்லாரும் நினைக்கிற மாதிரியே. அது முடிய 26 வருஷம் ஆச்சு.

66 அங்குல விட்டத்துல ஒரு பெரிய வெர்டிகல் போரிங் மில். அதுல ரயில் இன்ஜின் சக்கரத்தோட டயர், அதாவது சக்கரத்தைச் சுத்திப் போடுற எஃகு வளையம். எல்லா வளையமும் ஒரே கடினத்தன்மையில இருக்கிற மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஏன்னா இரும்பு மாறினா முடிவும் மாறிடும். ஒரு விஷயத்தை மட்டும் மாத்தி, மத்த எல்லாத்தையும் அப்படியே வெச்சு வெட்டிப் பார்க்கணும். நாம டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்னு படிக்கிறதோட எளிய வடிவம்.

முதல் வருஷங்கள்லயே மூணு முக்கியமான முடிவு வந்தது.

முதல்ல, டூலோட மூக்கு. அப்போ எல்லாரும் வைர வடிவத்துல கூரான டூலைத்தான் பயன்படுத்தினாங்க. மூக்கு வட்டமா இருக்கிற டூல் அதைவிட அதிக வேகத்தைத் தாங்கும்னு தெரிஞ்சது. வட்ட மூக்குல சிப் மெல்லிசாப் பரவுது, சூடும் ஒரே புள்ளியில குவியலை.

ரெண்டாவது, ஃபீட். மெல்லிய ஃபீட் வெச்சு வேகமாச் சுத்துறதைவிட, கனமான ஃபீட் வெச்சு மெதுவாச் சுத்தினா மொத்தத்துல அதிக இரும்பு வெட்டுப்படும்.

மூணாவது, தண்ணி. சிப் உருவாகுற இடத்துலயே நல்ல கனமாத் தண்ணியை ஊத்தினா, வேகத்தை 30-ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் கூட்டலாம். அதுக்கு முன்னாடி ஏதோ ஒரு டப்பாவுல இருந்து சொட்டுச் சொட்டா விடுறதுதான் வழக்கம். மிட்வேல்ல புது ஷாப் கட்டினப்போ ஒவ்வொரு மெஷினுக்கும் தண்ணி வர்ற மாதிரியே கட்டினாங்க.

இதோட நின்னிருந்தா நல்ல ஃபோர்மேன்னு பேர் வாங்கியிருப்பார். நிக்கலை. வேலை செய்யற உலோகம், டூல் எஃகோட கலவையும் அதைச் சூடு பண்ணின விதமும், சிப்போட தடிமன், டூல் முனையோட வடிவம், தண்ணி, வெட்டுற ஆழம், ஒரு தடவை தீட்டினா எவ்வளவு நேரம் ஓடணும்ங்கிறது, டூல் கோணங்கள், ஜாப்பும் டூலும் வளைஞ்சு அதிர்றது, ஜாப்போட விட்டம், டூல் மேல சிப் குடுக்கிற அழுத்தம், கடைசியா மெஷினோட இழுவைச் சக்தியும் அதுல இருக்கிற வேகங்களும் ஃபீட்களும். மொத்தம் 12 மாறிகள். நம்ம அண்ணன் அனுபவம்னு ஒரே வார்த்தையில சொல்றதுக்குள்ள இந்தப் பன்னிரண்டும் அடங்கியிருக்கு.

கம்பெனி மாறினார், மெஷின்கள் மாறிச்சு, பணம் குடுத்தவங்க மாறினாங்க, பரிசோதனை மட்டும் தொடர்ந்தது. பதிவு பண்ணின பரிசோதனைகள் 30,000-க்கும் 50,000-க்கும் இடையில. 8 லட்சம் பவுண்டுக்கு மேல, அதாவது சுமார் 360 டன் இரும்பும் எஃகும் வெறும் சிப்பாப் போச்சு. செலவு ஒண்ணரை லட்சத்துல இருந்து ரெண்டு லட்சம் டாலர். அந்தக் கால டாலர்.

ரெண்டு மார்க் ஈக்குவேஷனுக்குள்ள இருக்கிறது

1906 டிசம்பர்ல, அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தோட தலைவரா இருந்தப்போ, இந்த 26 வருஷ வேலையை ஒரே கட்டுரையாச் சமர்ப்பிச்சார். உலோகம் வெட்டும் கலை பத்தின கட்டுரை. ஒரு புத்தகம் அளவுக்குப் பெருசு. நம்ம சிலபஸ்ல இருக்கிற டூல் லைஃப் ஈக்குவேஷன் அந்த வேலையில இருந்து வந்ததுதான்.

ஈக்குவேஷன் சொல்றது இதுதான்: வெட்டு வேகத்தை, டூல் ஆயுளோட ஒரு சின்ன அடுக்கால பெருக்கினா எப்பவும் ஒரே எண் வரும். அந்த அடுக்கு ஹை ஸ்பீடு ஸ்டீலுக்கு எட்டுல ஒண்ணுன்னு டெய்லர் எடுத்தார். கார்பைடுக்கு இன்னிக்கு நாம 0.2-ல இருந்து 0.3 வரைக்கும் எடுக்கிறோம்.

எட்டுல ஒண்ணுன்னா என்ன அர்த்தம்? வேகத்தை வெறும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்க. 1.1-ஐ எட்டு தடவை பெருக்கினா 2.14. அதாவது டூல் ஆயுள் பாதிக்கும் கீழ போயிடும். 20 சதவீதம் கூட்டினா நாலுல ஒரு பங்குக்கும் கீழ. ஒரு மணி நேரம் ஓடுற டூல் கால் மணி நேரத்துல தீட்ட வந்து நிக்கும். கொஞ்சம்தானேன்னு கியரை ஒரு படி ஏத்துற ஒவ்வொருத்தரும் இந்தக் கணக்கைப் பார்க்கணும்.

டூல் ஆயுளை அதிகமாத் தின்னுறது வேகம். அதுக்கு அடுத்தது ஃபீட். ஆழம்தான் கடைசி. அதனால ரஃப்பிங்ல முடிவு பண்ற வரிசை நாம இயல்பா நினைக்கிறதுக்கு நேர் எதிர். முதல்ல மெஷின் தாங்குற அளவுக்கு ஆழம். அப்புறம் தாங்குற அளவுக்கு ஃபீட். கடைசியிலதான் வேகம்.

சிவந்து போன டூல்

1898-ல டெய்லர் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனிக்கு ஆலோசகராப் போனார். அங்க ஒரு சங்கடம். எந்த டூல் எஃகு நல்லதுன்னு ஃபோர்மேன்களுக்கு நிரூபிக்க ஒரு டெமோ ஏற்பாடு பண்ணினார். அவர் சிறந்ததுன்னு சொன்ன டூல்தான் மோசமா வெட்டிச்சு. தேடிப் பார்த்தப்போ, சூடு பண்றப்போ அளவு தாண்டிப் போனதால எஃகு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சது.

இந்த இடத்துல பெரும்பாலானவங்க புது டூல் செஞ்சு டெமோவைத் திரும்ப நடத்தியிருப்பாங்க. டெய்லரும் அங்க இருந்த உலோகவியல் நிபுணர் மான்செல் ஒயிட்டும் வேற கேள்வி கேட்டாங்க. எந்த வெப்பத்துல கெடுது? படிப்படியா சூட்டை ஏத்தி, ஒவ்வொரு படியிலயும் டூல் செஞ்சு வெட்டிப் பார்த்தாங்க. கெட்டுப்போற வெப்பத்தைத் தாண்டியும் நிறுத்தலை. கொல்லர்கள் எல்லாரும் இதுக்கு மேல போனா எஃகு செத்துடும்னு சொல்ற எல்லையைத் தாண்டி, கிட்டத்தட்ட உருகுற நிலை வரைக்கும் கொண்டு போனாங்க. அங்கதான் ஆச்சரியம். டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகு அங்க திரும்பவும் உயிர் பெற்றது. முன்னாடி இருந்ததைவிடப் பல மடங்கு பலத்தோட.

அதுக்கு முன்னாடி ராபர்ட் மஷெட் 1868-ல கண்டுபிடிச்ச டங்ஸ்டன் எஃகு இருந்தது. டெய்லரும் ஒயிட்டும் மாத்தினது முக்கியமா அந்த எஃகு வகையைச் சூடு பண்ற முறையை. அதுல வந்ததுதான் ஹை ஸ்பீடு ஸ்டீல். 1900-ல பாரிஸ் கண்காட்சியில இந்த டூலை ஓட்டிக் காட்டினாங்க. சிப் நீலமாப் பறக்குது, டூல் முனை சிவந்து ஜொலிக்குது, ஆனாலும் வெட்டுறது நிக்கலை. ஐரோப்பிய இன்ஜினியர்கள் அசந்துட்டாங்க. அதே வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல கோல்ஃப் ஆடி நாலாவது இடம் வந்தாருங்கிறது கூடுதல் தகவல்.

1902-ல ரெண்டு பேருக்கும் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டோட எலியட் கிரெசன் பதக்கம் கிடைச்சது. காப்புரிமை மட்டும் 1909-ல நீதிமன்றத்துல செல்லாமப் போச்சு. உங்க டூல் பாக்ஸ்ல இருக்கிற எச்.எஸ்.எஸ். பிட் இந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை. பின்னாடி வந்த 18 சதவீதம் டங்ஸ்டன், 4 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் வனேடியம்ங்கிற கலவையை நீங்க படிச்சிருப்பீங்க.

இதுல ஒரு பக்க விளைவு. டூல் தாங்குது, லேத் தாங்கலை. பழைய லேத்களோட பெல்ட்டுக்கும் கியருக்கும் பெட்டுக்கும் அந்த வேகத்துல, அந்த ஆழத்துல வெட்டுற பலமே இல்ல. மெஷின் கம்பெனிகள் லேத்தையே புதுசா, கனமா வடிவமைக்க வேண்டியதாச்சு.

நம்ம சின்ன லேத்துக்கு என்ன கணக்கு?

இங்கதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும். டெய்லர் சொன்ன ஆழமும் ஃபீட்டும் ராட்சச மெஷின்களுக்கு. லேப்ல இருக்கிற 1 எச்.பி. லேத்துக்கு அப்படியே போட முடியாது. ஆனா அவரோட பன்னிரண்டாவது மாறியே மெஷினோட சக்திதான். அதை முதல்ல வெச்சுக் கணக்குப் போடலாம்.

25 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் ராடு, எச்.எஸ்.எஸ். டூல், நிமிஷத்துக்கு 30 மீட்டர் வேகம். வேகத்தை 1000-ஆல பெருக்கி, பையாலயும் விட்டத்தாலயும் வகுத்தா சுமார் 380 ஆர்.பி.எம். வரும். அதுக்குக் கீழ இருக்கிற பக்கத்து வேகத்தை எடுங்க.

இப்போ சக்தி. மைல்டு ஸ்டீலை வெட்ட, சிப்போட ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் குறைஞ்சது 2,000 நியூட்டன் விசை வேணும்னு வெச்சுக்கலாம். 1 மில்லிமீட்டர் ஆழம், 0.1 மில்லிமீட்டர் ஃபீட்னா சிப் பரப்பு 0.1. விசை 200 நியூட்டன். வேகம் விநாடிக்கு அரை மீட்டர். சக்தி 100 வாட். லேத் சிரிச்சுக்கிட்டே செய்யும்.

3 மில்லிமீட்டர் ஆழம், 0.3 மில்லிமீட்டர் ஃபீட்னு வெச்சா? பரப்பு 0.9. விசை 1,800 நியூட்டன், அதாவது டூல் முனையில 180 கிலோவுக்கு மேல பாரம். சக்தி 900 வாட். 1 எச்.பி. மோட்டார் குடுக்கிறதே 746 வாட்தான். அதுலயும் பெல்ட்டும் கியரும் கொஞ்சம் தின்னுடும். பெல்ட் வழுக்கும், இல்ல ஸ்பிண்டில் நிக்கும், இல்ல டூல் ஜாப்புக்குள்ள குத்தி ஜாப்பையே தூக்கும்.

ஆனா பெரும்பாலான சமயம் சக்தி தீர்றதுக்கு முன்னாடியே சேட்டர் வந்துடும். கிர்ருன்னு சத்தம், ஜாப் மேல அலை அலையா கோடு. அதிர்வுதான் மெஷினிஸ்டோட பிரச்சனைகள்லயே பிடிபடாத ஒண்ணுன்னு அத்தனை பரிசோதனை செஞ்ச டெய்லரே ஒத்துக்கிட்டார். சின்ன லேத்ல பார்க்க வேண்டியது இவ்வளவுதான்:

டூலை டூல் போஸ்ட்ல இருந்து எவ்வளவு குறைவா வெளிய நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவா நீட்டுங்க. நீளம் ரெண்டு மடங்கானா வளைவு எட்டு மடங்கு. ஜாப்புக்கும் அதே கணக்குதான். விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல சக்குக்கு வெளிய நீண்டா டெயில்ஸ்டாக் சென்டர் குடுங்க.

டூல் முனை சென்டர் உயரத்துல இருக்கணும். மேல போனா தேய்க்கும், கீழ போனா ஜாப் டூல் மேல ஏறப் பார்க்கும்.

வட்ட மூக்கு நல்லதுன்னு டெய்லர் சொன்னாருன்னு பெரிய ரேடியஸ் வைக்காதீங்க. மூக்கு பெருசானா ஜாப்பைப் பின்னாடி தள்ளுற விசையும் பெருசாகும். லேசான லேத்ல அது சேட்டரைக் கூப்பிடும். 0.4 மில்லிமீட்டர் பக்கத்துல போதும்.

கார்பைடு எப்பவும் மேல்னு நினைக்க வேண்டாம். கார்பைடுக்கு நிமிஷத்துக்கு 100 மீட்டர்னா 25 மில்லிமீட்டர் ராடுக்கு 1,270 ஆர்.பி.எம். தேவை. பழைய லேத் பலதும் அந்த வேகத்துக்குப் போகாது. அதிர்ற மெஷின்ல கார்பைடு முனை உதிரும். நல்லாத் தீட்டின எச்.எஸ்.எஸ்., நல்ல ரேக் கோணத்தோட, சின்ன லேத்துக்கு இன்னமும் ராஜாதான்.

சேட்டர் வந்தா கை தானா ஃபீட்டைக் குறைக்கும். ரொம்பக் குறைச்சா டூல் வெட்டாமத் தேய்க்கும், சேட்டர் கூடும். முதல்ல வேகத்தைக் குறைச்சுப் பாருங்க.

ஃபினிஷிங்ல வரிசை மாறும். ஆழம் 0.2-ல இருந்து 0.5 வரைக்கும். ஃபீட்தான் பளபளப்பை முடிவு பண்ணும். ஃபீட்டோட வர்க்கத்தை மூக்கு ரேடியஸோட எட்டு மடங்கால வகுத்தா மேடு பள்ளத்தோட உயரம். 0.4 ரேடியஸுக்கு 0.2 ஃபீட்ல சுமார் 12 மைக்ரான். 0.1 ஃபீட்ல 3 மைக்ரான். ஃபீட் பாதியானா சொரசொரப்பு கால்வாசி.

ஸ்லைடு ரூல் வந்த பிறகு

12 மாறி இருக்கிற கணக்கை லேத் ஓட்டுறவர் எப்படிப் போடுவார்? பெத்லஹேம்ல டெய்லரோட சேர்ந்த கார்ல் பார்த்ங்கிற கணித நிபுணர் இதுக்குன்னே தனி ஸ்லைடு ரூல் செஞ்சார். உலோகம், ஆழம், விட்டம், மெஷின் எல்லாத்தையும் நகர்த்தி வெச்சா, எந்த ஃபீட், எந்த வேகம்னு அரை நிமிஷத்துக்குள்ள பதில் வந்துடும். நம்ம டிசைன் டேட்டா புக்கும், சிஎன்சி மெஷின்ல வர்ற கட்டிங் பாராமீட்டர் சார்ட்டும் அந்த ஸ்லைடு ரூலோட வாரிசுதான்.

ஆனா அந்த ஸ்லைடு ரூல் யார் கையில இருந்தது? லேத் முன்னாடி இருக்கிறவர் கையில இல்ல. பிளானிங் ரூம்ல. அங்க இருந்து ஒரு கார்டு வரும்: இந்த டூல், இந்த ஃபீட், இந்த வேகம், இவ்வளவு நேரம். ஆபரேட்டர் அதைச் செஞ்சா போனஸ். யோசிக்கிறது ஒரு ரூம்ல, செய்யறது இன்னொரு ரூம்ல. டெய்லருக்கு இது நியாயமாத்தான் பட்டது. உண்மை கண்டுபிடிச்சாச்சு, இனி சண்டைக்கு என்ன வேலைன்னு நம்பினார். உற்பத்தி கூடும், கூலியும் கூடும், ரெண்டு பேருக்கும் லாபம்.

லேத்துக்குப் பொருந்தினது மனுஷங்களுக்கும் பொருந்தும்னு ஸ்டாப்வாட்சோட கிளம்பினார். பெத்லஹேம்ல இரும்புக் கட்டி சுமக்கிறவங்க ஒரு நாளைக்கு சுமார் 12 டன் ஏத்திக்கிட்டிருந்தாங்க. அதை 47 டன் ஆக்க முடியும்னு காட்டினார். கூலி 1.15 டாலர்ல இருந்து 1.85 டாலர் ஆச்சு. கணக்குப் பாருங்க. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒண்ணரை மடங்கைக் கொஞ்சம் தாண்டுது. அந்த வேலைக்கு ஏத்தவன் மாடு மாதிரி மந்தமானவனா இருக்கணும்ங்கிற அர்த்தத்துல அவர் எழுதினதை இன்னிக்குப் படிச்சாலும் கோபம் வரும்.

1901-ல பெத்லஹேம் அவரை வெளியேத்திச்சு. வசதி இருந்ததால அதுக்கு அப்புறம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலை. தன்னோட முறையைப் பரப்பினார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1911-ல சயின்டிஃபிக் மேனேஜ்மென்ட் புத்தகம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல, அவரோட சீடர்கள் வேலை பார்த்த வாட்டர்டவுன் ராணுவ ஆயுதச் சாலையில, ஸ்டாப்வாட்ச் வைக்கிறதை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர்கள் வெளிநடப்பு செஞ்சாங்க. அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைச்சது. 1912 ஜனவரியில டெய்லர் அதுக்கு முன்னாடி நாலு நாள் சாட்சி சொன்னார். 1915 மார்ச் தொடக்கத்துல, ராணுவ நிதிச் சட்டத்திலேயே ஸ்டாப்வாட்ச் வெச்சு வேலையை அளக்கத் தடை வந்தது. அதே மாசம் 21-ம் தேதி, 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியாவுல டெய்லர் இறந்துட்டார்.

இந்தப் பயம் அமெரிக்காவோட நிக்கலை. 1928-ல தென்னிந்திய ரயில்வே, நாகப்பட்டினம் ஒர்க்ஷாப்பைத் திருச்சி பொன்மலைக்கு மாத்தி ஆட்குறைப்பு பண்ண முடிவெடுத்தப்போ பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் அதுல சிறைக்குப் போனார். நம்ம விழுப்புரம் ஜங்ஷனும் அந்தக் கம்பெனி லைன்தான். அது டெய்லரால வந்த சண்டைன்னு நான் சொல்லலை. என் வேலைக்கு எத்தனை ஆள் வேணும்னு என்னைக் கேக்காம இன்னொருத்தர் எப்படி முடிவு பண்ணலாம்ங்கிற கேள்வி ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான்னு மட்டும் சொல்றேன்.

இப்போ நம்ம பக்கம்

இந்த மேகசின் படிக்கிற நம்மள்ல பலர் அடுத்த வருஷம் ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ ஓசூர்லயோ ட்ரெய்னியா நிப்போம். கையில சைக்கிள் டைம் ஷீட் குடுப்பாங்க. எதிர்ல 15 வருஷமா அதே மெஷினை ஓட்டுற ஒரு ஐடிஐ அண்ணன் இருப்பார். டெய்லர் கேங் பாஸ் ஆன அன்னிக்கு நின்ன இடம்தான் அது.

டெய்லர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. அனுபவம்ங்கிற வார்த்தையோட நின்னுடாதீங்க. ஒரு சின்ன நோட்டு வெச்சு எழுதுங்க: என்ன மெட்டீரியல், விட்டம், ஆழம், ஃபீட், ஆர்.பி.எம்., சிப் என்ன கலர், சத்தம் எப்படி, டூல் எத்தனை நிமிஷம் தாங்கிச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணை மட்டும் மாத்துங்க. பத்து ஜாப்ல உங்க மெஷினுக்குன்னு ஒரு டேபிள் ரெடி ஆகிடும். எந்த டேட்டா புக்கும் அதைக் குடுக்காது. ஏன்னா உங்க லேத்தோட தேய்ஞ்ச பேரிங்கும் லூஸ் ஜிப்பும் எந்த டேட்டா புக்லயும் இல்ல.

அவர் விட்ட ஒண்ணையும் கவனிக்கணும். அந்த அண்ணன் காதுல சேட்டர் வர்றதுக்கு முன்னாடியே கேக்குற சத்தம், டயலைத் தொடுற விரல்ல இருக்கிற அளவு, இதெல்லாம் டேட்டாதான். டெய்லருக்கு முதல் பாடம் கிடைச்சதே அவரே லேத் ஓட்டினதாலயும், ஓட்டுறவங்களோட நின்னதாலயும்தான். அவங்ககிட்ட இருந்து எடுத்ததை பிளானிங் ரூம்ல வெச்சுப் பூட்டினப்போதான் பகை வந்தது.

அதனால அந்த நோட்டை மெஷின் பக்கத்துலயே மாட்டி வைங்க. அண்ணனும் அதுல எழுதட்டும். சைக்கிள் டைம் குறைஞ்சா, அதுல அவருக்கு என்ன கிடைக்குதுன்னு மீட்டிங்ல கேளுங்க. ட்ரெய்னி கேக்குற கேள்வியான்னு யாராவது முறைக்கலாம். பரவாயில்ல, கேளுங்க.